கோட்டுக்கு வெளியே நின்ற ஆசான்

அறுவடை முடிந்துவிட்டது. ஒரத்தநாட்டைச் சுற்றியுள்ள வயல்களிலே இப்போது அரிதாள் மட்டுந்தான் நிற்கிறது. பொழுது சாயும் நேரம். பள்ளிவிட்டு வந்த பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரப்பைத் தாண்டி வயலிலே இறங்குகிறார்கள். ஒரு பந்து, அதிலே பாதிக் காற்றுத்தான். இந்தப் பக்கம் இரண்டு செங்கல், அந்தப் பக்கம் இரண்டு செங்கல்; அதுதான் கோல். காலிலே செருப்புக்கூட இல்லை. அரிதாள் குத்துகிறது, குத்தினால் என்ன? ஓடுகிறார்கள், உதைக்கிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். வேலை முடிந்து வீடு திரும்பும் நாம் மிதிவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பார்க்கிறோம்.

பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு கேள்வி நெஞ்சைத் தைக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கால் இருக்கிறது, காலிலே வலு இருக்கிறது, ஆர்வமோ ஆடிப்பெருக்கு! இல்லாதது ஒன்றே ஒன்று. கோட்டுக்கு வெளியே நின்று, இப்படி உதை, அங்கே நில், அவனுக்குக் கொடு என்று சொல்லித்தர ஓர் ஆள். அந்த ஓர் ஆள் வாய்த்துவிட்டால் என்ன நடக்கும்?

நடந்திருக்கிறது, தோழர்களே! பூட்ஸ் இல்லாமலேயே பந்தாடிப் பழகிய ஒரு தலைமுறையை எடுத்து, பயிற்றுவித்து, பண்படுத்தி, ஆசியாக் கண்டத்தின் உச்சியிலே கொண்டுபோய் நிறுத்தினார் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஆசிய விளையாட்டிலே இரண்டு முறை தங்கம். ஒலிம்பிக் பந்தயத்திலே ஒருமுறை நான்காம் இடம். அவர் பெயர் சையது அப்துல் ரகீம்.

அந்தப் பெயரை நம் படிப்பகத்திலே பத்துப் பேரிடம் சொல்லிப் பாருங்கள். எட்டுப் பேர் விழிப்பார்கள். 2024-ஆம் ஆண்டிலே அவரைப் பற்றி இந்தியில் மைதான் என்றொரு திரைப்படம் வந்தது. அதைப் பார்த்தவர் இருவர் இருந்தால், அவர்கள் தலையாட்டுவார்கள். படம் மூன்று மணி நேரம். வாழ்வோ 53 ஆண்டு. படத்திலே பாட்டு உண்டு, பின்னணி இசை உண்டு. வாழ்விலே உழைப்புத்தான் உண்டு. அந்த உழைப்பைத்தான் இன்று நாம் சொல்லப்போகிறோம்.

ரகீம் பிறந்தது 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17. ஊர் ஐதராபாத். நிஜாம் ஆண்ட காலம். அரண்மனைகளும் அவற்றின் ஆடம்பரமும் ஒரு பக்கம். மறுபக்கத்திலே மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள். ரகீம் இந்த மறுபக்கத்து மனிதர். உஸ்மானியா பல்கலைக்கழகத்திலே படித்தார். அங்கே பந்தும் ஆடினார். ஊர்ச் சங்கங்களிலும் ஆடினார். ஆனால் ஆட்டக்காரர் என்று அவர் பெயர் நாடெங்கும் பரவியதில்லை. படிப்பு முடிந்ததும் அவர் போய் நின்ற இடம் வகுப்பறை. காச்சிகூடா நடுநிலைப்பள்ளி, பிறகு வேறு பள்ளிகள், சாதர்காட் உயர்நிலைப்பள்ளி என்று பள்ளி பள்ளியாக ஆசிரியர் வேலை பார்த்தார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலே பட்டயம் பெற்றார். நம் ஊர் வழக்கிலே சொன்னால் டிரில் வாத்தியார் ஆனார்.

டிரில் வாத்தியார் என்றதும் சிலருக்குச் சிரிப்பு வரும். நமக்குத் தெரியாதா? நாம் படித்த நாளில், தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது டிரில் பிரியட்டுத்தான். கணக்கு வாத்தியார் வந்து அதை வாங்கிக்கொள்வார். டிரில் வாத்தியார் ஊதலைச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போய்விடுவார். பள்ளியிலே பாதி ஆசிரியர், படத்திலே கடைசி வரிசை. அப்படிப்பட்ட ஒரு வேலையிலே இருந்தவர்தான் இந்தியக் கால்பந்தின் தலையெழுத்தையே மாற்றினார் என்றால், வேலை சிறிதா, நம் பார்வை சிறிதா? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

1940-களிலே ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. சங்கச் செயலாளர் என்றால் கையிலே கோப்பு, கழுத்திலே மாலை, விழாவிலே நாற்காலி என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ரகீம் அப்படி இருக்கவில்லை. நல்ல பயிர் வேண்டுமானால் நாற்றங்காலைப் பார் என்பது நம் தஞ்சைத் தரணியிலே சிறு பிள்ளைக்கும் தெரியும். நாற்று நோஞ்சானாக இருந்தால், நட்ட பிறகு எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் கதிர் தேறுமா? ரகீம் அந்த நாற்றங்காலுக்குப் போனார். சிறுவர்களுக்கென்று தனிப் பந்தயங்கள் வைத்தார். அந்தப் பந்தயங்களுக்கு அவர் விதித்த விதிகள்தாம் வேடிக்கையிலும் வேடிக்கை, விவேகத்திலும் விவேகம்.

ஒரு பந்தயத்திலே, பந்தைக் காலிலே வைத்துக்கொண்டு தனியாக ஓடக்கூடாது. வந்த பந்தை உடனே அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு பந்தயத்திலே, வராத காலால்தான் உதைக்க வேண்டும். வலக்கால்காரன் இடக்காலால், இடக்கால்காரன் வலக்காலால்! ஊரார் சிரித்திருப்பார்கள். ஆனால் உட்பொருளைப் பாருங்கள். நம் பையன்களுக்கு இருந்த பெரிய நோய் என்ன? பந்து கிடைத்தால் போதும். நாலு பேரை ஏய்த்து, நாற்பது பேர் கைதட்ட, தன்னந்தனியாக ஓடித் தட்டிவிட்டு வருவது. பார்க்க அழகு, பயன் சுழி. நடவு வயலிலே நாற்றுமுடி கைக்குக் கை போகவேண்டும். ஒருவரே எல்லா முடியையும் சுமந்துகொண்டு நின்றால் நடவு முடியுமா? பந்து கைமாறுவதைப்போல, இல்லை, கால்மாறுவதைப்போலத் தொட்டதும் போகவேண்டும் என்றார் ரகீம். ஆள் களைப்பான், பந்து களைக்காது. ஆகவே பந்தை ஓடவிடு என்பது அவர் பாடம். அந்தப் பாடத்தை வாயால் சொல்லி வைக்கவில்லை, விதியாகவே வைத்துவிட்டார். விதியை மீறினால் ஆட்டம் இல்லை. ஆடவேண்டும் என்ற ஆசையே பையனுக்கு ஆசிரியராகிவிட்டது.

1950-ஆம் ஆண்டிலே ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த நாளில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்றும் கோட்டைகள். பணமும் அங்கே, பத்திரிகையும் அங்கே, கூட்டமும் அங்கே. காவல்துறை ஊழியர்களைக் கொண்ட ஓர் அணியா அந்தக் கோட்டையைத் தகர்க்கப் போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. பதில், பம்பாயிலே கிடைத்தது. ரோவர்ஸ் கோப்பை, 1950, 1951, 1952, 1953, 1954. ஐந்து ஆண்டுகள், ஒன்றுவிடாமல்! தில்லியிலே துராந்து கோப்பை. 1950-லே மோகன் பகானை வென்று முதன்முதலாக எடுத்தார்கள். பிறகும் எடுத்தார்கள். மாநிலங்களுக்கிடையே நடக்கும் சந்தோஷ் கோப்பையையும் ஐதராபாத் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களில் அடுத்தடுத்து வென்றது. கோட்டை கோட்டையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குத் தெற்கே ஒரு பாசறை எழுந்துவிட்டது என்பதை நாடு கண்டது.

நாட்டு அணியின் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. 1951 மார்ச்சு, புதுதில்லி, முதலாவது ஆசிய விளையாட்டு. விடுதலை பெற்று நான்காண்டுகூட நிரம்பாத நாடு. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதி ஆட்டத்திலே ஈரானை 1-0. மேவாலால் அடித்த அந்த ஒற்றைக் கோல் தங்கம் தந்தது. தலைவர் சைலன் மன்னா, பயிற்சியாளர் ரகீம். ஊரெல்லாம் கொண்டாட்டம். போற்றிப் புகழ்ந்தார்கள், பூமாலை சூட்டினார்கள்.

ஓராண்டு கழிந்தது. 1952, பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரம், ஒலிம்பிக். எதிரே யூகோஸ்லாவியா. நம்மவரில் பலர் காலிலே பூட்ஸ் இல்லை. வெறுங்காலால் ஆடுவது நம் பழக்கம். அதிலே நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. 1948-லே லண்டனில் பிரான்சுக்கெதிராக வெறுங்காலோடு ஆடி, 2-1 என்ற கணக்கிலே மானத்தோடு தோற்று வந்தோம். அன்று நமக்காக அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்தப் பெருமை இன்னும் மறையவில்லை. ஆனால் ஹெல்சிங்கியின் குளிரும் ஈரத்தரையும் பெருமையைக் கேட்டு இரங்குமா? முடிவு, 10-க்கு 1. நமக்குக் கிடைத்தது ஒன்று. அவர்கள் போட்டது பத்து!

தோல்வி வந்தால் மனிதர்கள் மூன்று வகையாகப் பிரிவார்கள். முதல் வகை, நடுவரைத் திட்டும். இரண்டாம் வகை, தலைவிதி என்று நெற்றியிலே அடித்துக்கொள்ளும். மூன்றாம் வகை, எங்கே ஓட்டை என்று குனிந்து பார்க்கும். ரகீம் மூன்றாம் வகை. வெறுங்கால் வீரம் மேல்நாட்டுத் திடலிலே எடுபடாது. பூட்ஸ் போட்டே ஆகவேண்டும். 70 நிமிடம் ஓடப் பழகியவன் 90 நிமிடம் ஓடக் கற்றாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஆட்கள் நிற்கும் ஒழுங்கு மாறியாக வேண்டும். நடுத்தெருவிலே ஒருவனை நிறுத்தி ஊர்க்காவலை அவன் தலையிலே கட்டினால் திருடன் சந்து வழியாக வருவான். ஆட்டத்திலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

இந்த இடத்திலே, ஆட்டம் அறியாத தோழர்களுக்காகச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். அந்நாளைய வழக்கம், பின்னே காப்பாளர் மூவர், முன்னே தாக்குவோர் ஐவர், நடுவே இருவர். 1953-லே அங்கேரி நாட்டு அணி இங்கிலாந்துக்கே சென்று, வெம்பிளித் திடலிலே 6-3 என்று வென்றது. எப்படி? முன்னணியிலே நிற்கவேண்டிய நடு ஆளைப் பின்னே இழுத்து வைத்தார்கள். அவனைத் துரத்திப் போவதா, இடத்திலே நிற்பதா என்று தெரியாமல் இங்கிலாந்துக் காப்பாளர்கள் திண்டாடினார்கள். உலகம் வியந்தது. வியந்ததோடு விட்டவர்கள் பலர். கற்றுக்கொண்டவர் சிலர். ஐதராபாத்திலே ஓர் ஆசிரியர் கற்றுக்கொண்டார். 1956-லே அவர் நம் அணியிலும் முன்னணி ஆள் ஒருவரைப் பின்னுக்கு இழுத்து ஆடவைத்தார். பின்னே நால்வர், நடுவே இருவர், முன்னே நால்வர் என்ற ஒழுங்கை நோக்கி அணியை நகர்த்தினார். இதே நான்கு, இரண்டு, நான்கு ஒழுங்கைக் கையாண்டுதான் 1958-லே பிரேசில் நாடு சுவீடனிலே உலகக் கோப்பையை முதன்முதலாகத் தூக்கிற்று. பின்னாளில் பயிற்சி பெறப் பிரேசிலுக்குச் சென்ற நம் ஆட்டக்காரர் ஒருவர், அங்கே கற்பிக்கப்பட்டதைப் பார்த்து, இதை ரகீம் நமக்கு 1956-லேயே சொல்லிக் கொடுத்தாரே என்று வியந்ததாகச் சொல்வதுண்டு.

1956; ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம். முதல் சுற்றிலே அங்கேரி விலகிக்கொண்டதால், நேராகக் கால் இறுதி. எதிரே, போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவே. அவர்கள் மண், அவர்கள் கூட்டம். டிசம்பர் 1. நெவில் டிசூசா அடித்தார் மூன்று கோல். கிருஷ்ணசாமி அடித்தார் ஒன்று. 4-2! ஒலிம்பிக் கால்பந்திலே அரை இறுதிக்குச் சென்ற முதல் ஆசிய நாடு இந்தியா என்று ஏட்டிலே ஏறியது. அரை இறுதியிலே மறுபடியும் யூகோஸ்லாவியா. நம்மவர்தான் முதலில் கோல் போட்டார்கள். பின்னர் அவர்கள் நான்கு போட்டு வென்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலே பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. பதக்கம் கிடைக்கவில்லை, மெய்தான். ஆனால் எண்ணிப் பாருங்கள்: பத்துக்கு ஒன்று என்று தோற்ற நாடு, நான்கே ஆண்டில் உலகிலே நான்காவது! இடையிலே கால்கள் மாறிவிட்டனவா? காலைப் பழக்கிய கை மாறிற்று, கணக்கு மாறிற்று.

அந்தக் கை பொறுக்கியெடுத்த மணிகளிலே தமிழ் மணிகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவிலே ஏழைத் தமிழ்க் குடும்பத்திலே பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு வந்துபோகச் செலவுக்கு வழியில்லாத அந்த இளைஞனுக்கு மிதிவண்டிக்கு ஏற்பாடு செய்து வரவழைத்தவர் ரகீம் என்று பலராமே பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. அந்தப் பலராம்தான் 1960-லே ரோம் ஒலிம்பிக்கில் அங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் அடித்தார். இன்னொருவர் பீட்டர் தங்கராஜ். நெடிய உருவம், நீண்ட கை, கோல் காப்பிலே மலை. மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணி 1955-லும் 1958-லும் துராந்து கோப்பையை வென்றபோது அதன் கோல் காவலர். மிதிவண்டிக்கு வழியில்லாதவனை வேண்டாம் என்று ஒரு பயிற்சியாளர் அன்று தள்ளியிருந்தால், ரோமிலே அந்தக் கோல்கள் ஏது?

ரோமிலே முடிவு என்ன என்றும் சொல்லிவிடுவோம். அங்கேரியிடம் 2-1 தோல்வி. பிரான்சோடு 1-1 சமன். பெருவிடம் 3-1 தோல்வி. முதல் சுற்றோடு திரும்பினார்கள். ஆனால் அந்த அங்கேரிதான் அந்தப் போட்டியிலே வெண்கலம் எடுத்தது. பிரான்சுக்கெதிரே பி. கே. பானர்ஜி அடித்த கோலால் நம்மவர் முன்னணியிலே இருந்து, ஆட்டம் முடியும் தறுவாயிலே வெற்றியைக் கைநழுவவிட்டார்கள். தோற்றவர்கள், ஆனால் துரத்தப்பட்டவர்கள் அல்லர்.

இனி, 1962. இந்தக் கதையின் உச்சி. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா; நான்காவது ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 தோல்வி. தொடக்கமே சறுக்கல்! தாய்லாந்தோடு ஆடியபோது 4-1 வெற்றி கிட்டியது. ஆனால் நடுக்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையிலே பலத்த அடி. தையல் போட்டார்கள். அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். அரை இறுதி வந்தது. தையல் போட்ட தலையோடு ஒருவர் காப்பிலே நின்று, வருகிற பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளமுடியுமா? முடியாது. அப்படியானால் உட்காரவைக்க வேண்டியதுதானே? இல்லை என்றார் ரகீம். கல்லூரி நாளிலே ஜர்னைல் முன்னணியிலே ஆடியவர் என்பது அவருக்கு நினைவிருந்தது. காப்பாளரைத் தாக்குபவராக்கி முன்னே நிறுத்தினார்! அரை இறுதியிலே தென்வியட்நாமை 3-2 என்று வென்றபோது, மூன்றில் ஒன்று ஜர்னைல் அடித்தது. மற்ற இரண்டு தலைவர் சுனி கோஸ்வாமி அடித்தவை.

இறுதி ஆட்டம், செப்டம்பர் 4. எதிரே யார்? முதல் நாளிலே நம்மை வீழ்த்திய அதே தென்கொரியா. ஆசியக் கோப்பையை 1956-லும் 1960-லும் வென்ற அணி. அதோடு முடிந்ததா துன்பம்? இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு விளையாட்டுக்கு வரவிடவில்லை. அது முறையல்ல என்று, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பிலே பொறுப்பிலிருந்த இந்தியரான சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். உடனே ஜகார்த்தாவிலே இந்தியா என்றாலே கொதிப்பு. இந்தியத் தூதரகத்தின்மீது கூட்டம் பாய்ந்தது. சோந்தி ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. அந்தக் கோபம் முழுவதும், பந்தாட வந்த பதினொரு பிள்ளைகள் தலையிலே விடிந்தது. லட்சம் பேர் கூடிய அரங்கு. லட்சம் வாயிலும் நமக்கெதிரான கூச்சல். அந்தக் கூட்டத்திலே இந்தியாவுக்காகக் கைதட்டியது யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று, அன்று ஆடியவர்கள் வாழ்நாளெல்லாம் நன்றியோடு சொல்லிவந்தார்கள். அரசுகள் பகைக்கலாம், ஆட்டக்காரன் ஆட்டக்காரனை அறிவான்.

ஆட்டத்துக்கு முதல்நாள் இரவு, ரகீம் தம் பிள்ளைகளைப் பார்த்து, எனக்கு நாளை ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கம் வேண்டும் என்று கேட்டாராம். அதட்டவில்லை, ஆணையிடவில்லை. ஒரு தகப்பன் பிள்ளைகளிடம் கேட்பதுபோலக் கேட்டார். பிள்ளைகள் கொடுத்தார்கள். ஆட்டம் தொடங்கி 17-ஆம் நிமிடம், பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆம் நிமிடம், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். கோல் காப்பிலே, காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ். ஆட்டம் முடியும் நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது, அவ்வளவுதான். 2-1. ஆசியாவின் தங்கம் இந்தியாவுக்கு! சீக்கியர் ஜர்னைல், கிறித்துவர் தங்கராஜ், முஸ்லிம் யூசுப் கான், வங்கத்துப் பானர்ஜி, மலையாளத்துச் சந்திரசேகர், தமிழன் பலராம். மொழி வேறு, மதம் வேறு, ஊர் வேறு. பந்து மட்டும் ஒன்று. எவன் எந்தச் சாதி என்று பந்து கேட்டதில்லை, ரகீமும் கேட்டதில்லை.

மேடையிலே பதக்கம் பெற்றவர்கள் ஆட்டக்காரர்கள். அது முறைதான். பயிற்சியாளருக்குப் பதக்கம் கிடையாது. அவர் கோட்டுக்கு வெளியே நின்றார். அவர் உடலுக்குள்ளே ஒரு பகைவன் குடியேறியிருந்தான். புகைப்பிடிக்கும் பழக்கம் ரகீமுக்கு மிகுதி. அந்த ஒன்றிலே அவரைப் பின்பற்ற வேண்டாம் என்று நம் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நுரையீரலிலே புற்றுநோய். ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஒன்பது மாதந்தான். 1963-ஆம் ஆண்டு ஜூன் 11; ஐதராபாத்திலே ரகீம் கண்மூடினார். வயது 53.

அவர் போன மறு ஆண்டு, 1964-லே, ஆசியக் கோப்பையிலே இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. அவர் வளர்த்த பிள்ளைகள் இன்னும் களத்திலே இருந்தார்கள். 1970-லே பாங்காக்கில் வெண்கலம். அந்த அணியின் தலைவர் சையது நயீமுதீன், ரகீமின் ஊரான ஐதராபாத்திலிருந்தே வந்த காப்பாளர். பின்னாளில் அவர் இந்திய அணிக்கும், கடல்கடந்து போகாமலே எல்லை கடந்து, வங்காளதேச அணிக்கும் பயிற்சியாளரானார். ரகீமிடம் ஆடிய பி. கே. பானர்ஜியும் அருண் கோஷும் பயிற்சியாளர்களாகி இன்னொரு தலைமுறையைப் பழக்கினார்கள். விதை முழுவதும் வீணாகவில்லை.

ஆனால் கணக்கை நேர்மையாகப் பார்க்கவேண்டும். 1970-க்குப் பிறகு, 2023-லே ஹாங்சோவில் நடந்தது வரை, எந்த ஆசிய விளையாட்டிலும் கால்பந்துப் பதக்கம் இந்தியாவுக்கு இல்லை. 1960 ரோமுக்குப் பிறகு, 2024 பாரிசு வரை, ஆடவர் கால்பந்துக்கு ஒலிம்பிக் வாயிலே திறக்கவில்லை. ஏன்? மக்கள்தொகை குறைந்ததா? பெருகிற்று. பணம் குறைந்ததா? அதுவும் பெருகிற்று. வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். ஏலத்திலே ஆட்டக்காரர்கள் விலைபோனார்கள். விளக்கொளியிலே அரங்கங்கள் ஜொலித்தன. குறைந்தது எது? நாற்றங்கால்! கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியிலே வைத்துப் பூட்டினோம். கோப்பையை வாங்கித்தந்த முறையை மறந்தோம். வராத காலால் உதைக்கச் சொன்ன அந்தச் சிறுவர் பந்தயங்களை ஊர் ஊராக நடத்தியிருக்க வேண்டாமா? பயிற்சியாளருக்கென்று துரோணாச்சாரியர் விருது என ஒன்றை நாடு ஏற்படுத்தியது 1985-லே. ரகீம் மறைந்து 22 ஆண்டு கழித்து! ஆசானை நினைப்பதற்கே அவ்வளவு நாள் பிடித்தது நமக்கு.

இதிலே நமக்கு என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். மேடையிலே பேசுபவனை ஊர் அறியும். அவனுக்கு மேடை போட்டவனை அறியாது. வயலிலே விளைந்த நெல்லை ஊர் அளக்கும். நாற்றுவிட்டவன் கையை அளக்காது. எந்தப் பணியிலும், எந்த அமைப்பிலும், கோட்டுக்கு வெளியே நின்று பிறரை உருவாக்குகிறவன்தான் அடித்தளம். அவன் இருக்கும்வரை நமக்குத் தெரியாது. போனபிறகு மாடி சரியும்போதுதான் தெரியும். ஐதராபாத்து ஆசிரியரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுதான்.

இருட்டிவிட்டது. ஒரத்தநாட்டு வயலிலே பையன்களுக்குப் பந்து தெரியவில்லை. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. ஒருவன் பந்தோடு தனியாக ஓடுகிறான். மற்றவர்கள் எனக்குக் கொடுடா, எனக்குக் கொடுடா என்று கத்துகிறார்கள். கொடுக்கவில்லை, பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். கொடுத்து ஆடு என்று அவனுக்குச் சொல்ல வரப்பிலே ஒருவர் வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியிலே, ஊதலைச் சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு மரத்தடியிலே உட்கார்ந்திருக்கிறாரே அந்த டிரில் வாத்தியார், அவரை நாளைக்கே போய்ப் பாருங்கள். அவர் கையிலே ஒரு நல்ல பந்தைக் கொடுங்கள். பறிபோன பிரியட்டை அவருக்கு மீட்டுக் கொடுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.